கறித்தன்மைக்கு எத்தனை மார்க்

முதல் துண்டை வாயில் போட்டதுமே பேச்சியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் பட்டாணிதான் என்று. எத்தனை வேஷம் கட்டினாலும் பட்டாணி பட்டாணிதானே. ரத்தச் சிவப்புக்கு பீட்ரூட், கொழுப்புக்குத் தேங்காய் எண்ணெய், நார் நாராகப் பிரிவதற்குப் பலாப்பிஞ்சு, சுட்ட வாசனைக்கு ஏதோ ஒரு பாட்டிலிலிருந்து ரெண்டு சொட்டுப் புகை, எல்லாவற்றையும் பட்டாணிப் புரதத்தோடு போட்டுப் பிசைந்து மெஷினில் விட்டு அழுத்தி எடுத்து, மேலே சோம்பும் பட்டையும் மிளகும் அள்ளிப் பூசி, சுக்கா என்று பெயரும் வைத்தாயிற்று. நாக்கு நுனியில் ஏமாற்றுகிறது. நடுநாக்கில் சமாளிக்கிறது. தொண்டைக்குப் பக்கத்தில் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. ஊறப்போட்டு மறந்துபோன பருப்பை மூடி திறந்தால் குப்பென்று ஒரு வாடை அடிக்குமே, அதேதான். விழுங்கக் கூடாது. மென்றுகொண்டே மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும், அப்போதுதான் வாசனை முழுசாகத் தெரியும், அப்புறம் துப்ப வேண்டும், அதுதான் இங்கே முறை. இந்த நாற்றத்தை முழுசாகத் தெரிந்துகொள்வதற்குத்தான் மாசாமாசம் சம்பளம். பேச்சி மூச்சை விட்டாள். காகிதக் கப்பை எடுத்து அதில் துப்பிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளித்து அதையும் அதிலேயே துப்பினாள். கப்புக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள், ஒவ்வொரு தடவையும் பார்த்துத் தொலைப்பாள். கூழாக, நுரையோடு, தன் வாயிலிருந்து வந்ததுதான் என்று நம்ப முடியாதபடி கிடந்தது. சீ.

மூன்று பக்கமும் வெள்ளைப் பலகை, எதிரே சமையல்கூடத்துப் பக்கம் திறக்கிற ஒரு சின்னத் தள்ளு ஜன்னல், தலைக்கு மேலே சிவப்பு விளக்கு. பூத் என்பார்கள் எல்லோரும், பேச்சி மனசுக்குள் கூண்டு என்பாள். நிறத்தைப் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாதாம், அதற்காகச் சிவப்பு. அந்த வெளிச்சத்தில் அவள் கையே தோல் உரித்த கை மாதிரி இருந்தது. மேஜையில் கரும்புச் சக்கையில் அழுத்திச் செய்த மூன்று சின்ன டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு நம்பர், 295, 862, 417. எந்த நம்பர் எந்த ஃபார்முலா என்று ருசி பார்ப்பவளுக்குத் தெரியக் கூடாது. வாயைச் சுத்தம் செய்ய ஒரு கிண்ணம் பொரி. மார்க் போட டேப்லெட், அதில் வரிசையாகக் கேள்விகள். மணம், உப்பு, மென்மை, சாறு, பொட்டலத்தின் வாடை ஏறியிருக்கிறதா, கடைசியாகக் கறித்தன்மை, ஒன்றிலிருந்து ஒன்பது வரை. கறித்தன்மை. எவன் கண்டுபிடித்த சொல்லோ. இந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசலிலேயே, புலால் உணவு உள்ளே கொண்டுவரக் கூடாது என்று பித்தளையில் எழுதி வைத்திருக்கிறார்கள். கேன்டீனில் முட்டை கிடையாது. சமையல்கூடத்தில் கறி ஏறியதே கிடையாது. ஃபார்முலா எழுதுகிற தாமோதரன் கறி தின்னாதவன், மெஷின் ஓட்டுகிறவர் தின்னாதவர், பிரிவுத் தலைவி வைதேகி மேடம் சொல்லவே வேண்டாம். தின்னாதவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து கறி செய்கிறார்கள், சரியாக வந்திருக்கிறதா என்று சொல்வதற்குத் தின்கிறவள் ஒருத்தி வேண்டியிருக்கிறது, அதற்காக ஒரு பேச்சி. உணவுத் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. படித்தவள், பொட்டலத்துக்கான ஃபிலிமில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தவள், எல்லாம் ஒரு மூலையில் கிடக்கட்டும், இப்போது அவள் வெறும் நாக்கு.

அந்த நாளை நினைத்தால் இன்னும் காது சூடாகிறது. புராஜெக்ட் தொடங்கிய முதல் கூட்டம். கறியோடு ஒப்பிடாமல் எப்படி மார்க் போடுவது என்று யாரோ கேட்டார்கள். மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாக இவள் பக்கம் திரும்பியது. யாரும் எதுவும் சொல்லவில்லை, திரும்பியது மட்டும்தான். வைதேகி மேடம்தான் சிரித்துக்கொண்டே, நம்ம பேச்சி இருக்காளே, அவ நாக்குல எல்லாம் இருக்கு, அதையே ரெஃபரன்ஸா வெச்சுக்கலாம், என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள், அதுதான் எரிச்சல், இவளும் அல்லவா சிரித்தாள். மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்து, தெரியாத்தனமாக ஊழியர் அறை மைக்ரோவேவில் சூடு பண்ணிவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அங்கே புது மைக்ரோவேவ் இருந்தது. பழசு ரிப்பேர்மா, என்றார் மேடம், கனிவாக, கண்ணைப் பார்த்து. பழசு எங்கே போயிற்று என்று பேச்சிக்குத் தெரியும், பின்னால் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நல்லபடியாக உட்கார்ந்திருந்தது, அதை வாட்ச்மேன் வீட்டுக்கு எடுத்துப் போய் இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார். திட்டியிருக்கலாம். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். இந்தப் புது மைக்ரோவேவை என்ன செய்வது. அன்றிலிருந்து தயிர்சாதம்தான் கொண்டுவருகிறாள், அதையும் ஆறிப்போனதாகவே தின்கிறாள்.

பொரியை அள்ளி வாயில் போட்டு மென்றாள். பொரிக்கு ஒரு ருசியும் இல்லாதது பெரிய நிம்மதியாக இருந்தது. அடுத்தது 862. டப்பாவைத் திறந்ததும் ஈர அட்டை வாடை. உள்ளே துண்டைச் சுற்றி வழவழவென்று ஒரு ஃபிலிம், புளியங்கொட்டைப் பசையும் கடற்பாசியும் கலந்து காய்ச்சியது, இவள் கையாலேயே காய்ச்சிப் பழகியது. மண்ணில் போட்டால் மக்கிவிடும், மாடு தின்றாலும் ஒன்றும் ஆகாது, மனிதனே துண்டோடு சேர்த்துத் தின்றுவிடலாம், குப்பையே மிஞ்சாது என்று, புராஜெக்டுக்குப் பணம் போடுகிற கம்பெனிக்காரர்கள் இதைத்தான் தம்பட்டம் அடிக்கிறார்கள். மக்குகிற சாமான் மக்குகிற நேரம் பார்த்தா மக்கும். குளிர்பெட்டியிலேயே ஓரத்தில் கொழகொழத்து, துண்டின் மேல் சளி மாதிரி இறங்கியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் வாயில் போட வேண்டும். போட்டாள். ஃபிலிம் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினாள், வரவில்லை. விரலை விட்டு எடுக்கக் கூடாது, முறை இல்லை. துண்டு இந்தப் பக்கம் ரப்பராக நழுவுகிறது, ஃபிலிம் அந்தப் பக்கம் கரைந்து தொண்டைக்குள் இறங்குகிறது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வருகிறது. இந்தக் கண்றாவிக்கு நாளைக்குக் கையெழுத்து. கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், கறித்தன்மை ஏழைத் தாண்டினால் புராஜெக்ட் அடுத்த கட்டம் போகும், இல்லாவிட்டால் இழுத்து மூடுவார்கள். மற்றவர்கள் எல்லோரும் எட்டு போடுகிறார்கள். ஜென்மத்தில் கறியைத் தொடாதவர்கள் கறி மாதிரியே இருக்கிறது என்று எட்டு போடுகிறார்கள், சராசரி ஏறுகிறது, இவள் மட்டும் நாலும் அஞ்சும் போட்டு அதைக் கீழே இழுக்கிறாள். பேச்சி கொஞ்சம் தாராளமாப் போடலாமே, என்று போன மாசம் மேடம் சொன்னார். சொன்னது அவ்வளவுதான். இவளுடைய ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோடு முடிகிறது, நீட்டிப்பது மேடம் கையில். வீட்டுக்காரருக்கு மில்லை மூடிய பிறகு வேலை அமையவில்லை, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. நாலு போட்டு நல்ல பேர் வாங்கி எந்த அடுப்பில் வைப்பது. துப்பினாள். அண்ணத்தில் ஒட்டியது அப்போதும் வரவில்லை. மணம் மூன்று, மென்மை நாலு, கறித்தன்மைக்கு விரல் நாலில் நின்று, தயங்கி, ஆறுக்கு நகர்ந்தது. தன் விரல்தானா அது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வலப்பக்கக் கூண்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. காலையிலேயே மற்றவர்கள் எல்லோரும் முடித்துப் போய்விட்டார்கள், மதியத்துக்கு மிச்சம் பேச்சி மட்டும் என்றுதான் ஏற்பாடு. கடைசி நேரத்தில் வைதேகி மேடம், நாளைக்கு அவா கேட்டா நானும் சொல்லணுமே, நானும் ஒரு வாய் பார்த்துடறேன், என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கூண்டுக்குள் பேசக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அவர்தான், பேசுகிறவரும் அவர்தான். "862 பரவால்ல, இல்ல பேச்சி?" என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ம்ம், மேடம்," என்றாள் இவள். அவர் நாக்கைச் சப்புக்கொட்டுவது கூடக் கேட்டது. அவர் அண்ணத்தில் ஒட்டவில்லையா, அவர் தொண்டையில் அந்தப் பருப்பு நாறவில்லையா, அல்லது கறி என்றால் இப்படித்தான் நாறும் போல என்று நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறாரா. அப்படித்தான் இருக்கும். நாங்கள் தின்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை பேரும் மார்க் போடுகிறார்கள் என்று அப்போதுதான் பேச்சிக்கு உறைத்தது. நாற்றமாக இருந்தால் கறி மாதிரி. ரப்பராக இருந்தால் கறி மாதிரி. கொழகொழ என்று இருந்தால் ஆகா, கறியேதான், எட்டு. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைக் கொப்பளித்து, பொரி மென்று, எரிச்சல் அடங்காமலேயே 417-ஐத் திறந்து வாயில் போட்டாள்.

மனசுக்கு முன்னால் எச்சிலுக்குத் தெரிந்தது. நாக்குக்கு அடியிலிருந்து ஊற்றெடுத்துக்கொண்டு வாய் நிறைய வந்தது. பட்டாணிக்கு இந்த வாய் ஒரு நாளும் ஊறியதில்லை. பல் இறங்கியது, கொஞ்சம் எதிர்த்தது, அப்புறம் இணங்கி, நார் வாக்கில் பிரிந்து உள்ளிருந்து சாறு விட்டது. பரவாயில்லையே, தாமோதரன் தேறிவிட்டானே என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடி மெல்வது தானாக நின்றது. கவிச்சி. மசாலாவுக்கு அடியில், மஞ்சள் போட்டு முதல் கொதியில் போக்கியிருக்க வேண்டிய கவிச்சி, சமைக்கத் தெரியாதவன் விட்டுவைத்த கவிச்சி. இல்லை, இருக்காது. வாசனைக்கு ஏதாவது புதுசாகச் சேர்த்திருப்பான். கடைவாயில் ஒதுக்கி மெதுவாக மென்றாள். சின்னதாக ஒரு ஜவ்வு, மெல்ல மெல்ல மசியாமல் பல்லுக்குப் பல் தாவியது. பட்டாணிக்கு ஏது ஜவ்வு. உதட்டில் கொழுப்பு ஆறி மெழுகாகப் படிந்திருந்தது, தேங்காய் எண்ணெய் இப்படிப் படியாது. இல்லை, இல்லை, இந்தக் கட்டடத்துக்குள் எப்படி வரும், பித்தளையில் எழுதி வைத்திருக்கிற வாசலைத் தாண்டி எப்படி வரும். முறையெல்லாம் மறந்து விழுங்கிவிட்டாள். விழுங்கியதும் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு மாதமும் உள்ளே போகிற பண்டம், தொண்டைக்கு அதைத் தெரியாதா. ஆடு. சுத்தமான ஆடு, அதுவும் தொடைக்கறி.

தள்ளு ஜன்னலை ஒரு விரல் அளவு நகர்த்தினாள். அந்தப் பக்கம் தாமோதரன் நின்றுகொண்டிருந்தான், தலையில் வலைத் தொப்பி, கையில் உறை. ஐந்தாம் வருஷ ஆராய்ச்சி மாணவன், முப்பத்திமூன்று வயசு, தலையில் பாதி கொட்டிவிட்டது. அவன் கண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, கேட்க வேண்டியதே இல்லை. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிய அவன் கட்டுரை திரும்பி வந்தது, கறி மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, கறியோடு வைத்துப் பார்த்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வியோடு. அவன் கேன்டீனில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவள்தான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஒரு நாளைக்கு நிஜக் கறியை எனக்குத் தெரியாமக் கலந்து வைங்க தாமு, அப்பத் தெரியும் என் மார்க்கு சரியா தப்பான்னு, என்றாள். விளையாட்டுக்குச் சொன்னது. விளையாட்டுக்குச் சொன்னதை எல்லாம் பரிசோதனையாகப் பண்ணுகிற ஜாதி இந்த ஆராய்ச்சிக்காரர்கள். "417 என்னது தாமு?" என்றாள், உதடு அசையாமல். "ரெஃபரன்ஸ்," என்று அவன் காற்றாகச் சொன்னான். "உங்களுக்கு மட்டும்தான் அக்கா. மதியம் நீங்க தனியாத்தானே வருவீங்கன்னு. யூட்யூப் பார்த்து வீட்டு மொட்டை மாடியில வெச்சு..." சொல்லும்போதே அவன் மூக்கு சுருங்கியது. ஆயுசில் முதல் தடவையாகக் கறிக்கடைக்குப் போய், முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வாங்கி, ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறான். பேச்சிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போதுதான் வலப்பக்கம் ஒரு டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. "மேடத்துக்கு எது வச்சீங்க?" "அவங்களுக்கு மூணாவது ஃபார்முலா, அதுக்கும் 417-னுதான் போட்டேன், கணக்குல ஒண்ணா வரணும்னு, அது அந்த டப்பாவுல..." என்று திரும்பி, பின்னால் மேஜையில் இருந்த பெரிய டப்பாவை எடுத்தான். ஒட்டின ஃபிலிம் ஒட்டினபடியே இருந்தது. திறக்கவே இல்லை. மேடம் திடீரென்று வந்து உட்கார்ந்த அவசரத்தில் ரெண்டு பேருக்கும் கறி டப்பாவிலிருந்தே அள்ளி வைத்திருக்கிறான். டப்பாவையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தான். உறை போட்ட ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

தின்னட்டுமே. அதுதான் முதலில் வந்தது. யோசிப்பதற்கு முன்னால், வாயில் எச்சில் ஊறிய மாதிரியே தானாக ஊறி வந்தது. தின்னட்டும், புது மைக்ரோவேவ் வாங்கிய கை எடுத்துத் தின்னட்டும், அந்தச் சுத்தமான நாக்கில் அந்த ஜவ்வு ஒட்டிக்கொள்ளட்டும். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இருந்த மறு நிமிஷமே அந்தக் குளுகுளுப்பு 862-இன் ஃபிலிம் மாதிரி கொழகொழத்து இறங்கியது. சே, என்ன புத்தி இது. தெரியாமல் ஒருத்தருக்கு வாயில் போடுவதா. சாருலதா அப்படித்தான் தின்றாள். விருதுநகரில் எட்டாம் வகுப்பு, பக்கத்து இருக்கை, கேட்காமலே டிபன் டப்பாவில் கைவிட்டு எடுத்து, என்ன வடைடி இது, சூப்பரா இருக்கு, என்று ரெண்டு கோலா உருண்டையைத் தின்றுவிட்டாள். கறி என்று பேச்சி சொல்வதற்கு நேரம் கொடுத்தால்தானே. சொன்னதும் வாந்தி, மூச்சு விடாமல் வாந்தி. அவள் அம்மா வந்து, குழாயடியில் வைத்து, ஈரத் துண்டால் மகளுடைய நாக்கைப் பிடித்துத் தேய்த்தது. அடுப்பங்கரை மேடையைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தது. நாக்கு ரத்தமாகச் சிவந்துபோயிற்று. தேய்த்துக்கொண்டே திரும்பி இவளைப் பார்த்து, வேணும்னேதான குடுத்த, என்று கேட்டது. அவ்வளவு அருவருப்பை ஒரு முகத்தில் அதற்கு முன்னால் பேச்சி பார்த்ததில்லை. அன்று இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் நாக்கை நீட்டிப் பார்த்தாள், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று. மறுநாள் அப்பா தலைமையாசிரியை அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெரியாமல் நடந்தது என்று ஒருத்தர் கூட நம்பவில்லை. இன்றைக்கு மட்டும் நம்புவார்களா. ஆட்டுக்கறி வந்திருக்கிறது என்றால் யார் கொண்டுவந்தது என்பார்கள். கூட்டத்தில் திரும்பிய மாதிரி ஒவ்வொரு முகமாக இவள் பக்கம் திரும்பும். தாமோதரன் மொட்டை மாடியில் கறி சமைத்தான் என்று சொன்னால் குழந்தை கூடச் சிரிக்கும். அவனா, அவன் வெங்காயத்துக்கே மூக்கைப் பொத்துகிறவன். நாளைக்குக் கம்பெனிக்காரர்கள், மாசக் கடைசியில் ஒப்பந்தம். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மேடத்துக்கே தெரியாது. தெரியாமல் தின்றால் பாவமில்லை என்று சொல்வார்களே, அது தின்றவருக்கு. தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன. பலகைக்கு அந்தப் பக்கம் முள்கரண்டி தட்டில் இடித்தது. மெல்லுகிறாரா, இல்லை இன்னும் மோந்து பார்க்கிறாரா. பேச்சிக்கு நாக்கு தேய்க்கப்படுவது போல எரிந்தது, சாருலதாவின் நாக்கா தன்னுடையதா என்று தெரியாமல் எரிந்தது. போகட்டும், வேலை போனால் போகட்டும், இந்த அசிங்கத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எங்கே போய்ச் சோறு தின்பேன்.

"மேடம்," என்றாள் பலகையைப் பார்த்து. "417-ஐச் சாப்பிடாதீங்க மேடம். அது கறி. ஆட்டுக்கறி." மெல்லும் சத்தம் நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தாமோதரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஏதோ பெரிதாக விழப்போகிறது என்று பேச்சி தோளைக் குறுக்கிக்கொண்டாள். வாந்திச் சத்தத்துக்குக் காது தயாராக இருந்தது, யார் கொண்டுவந்தது என்ற கேள்விக்கும் தயாராக இருந்தது. வந்தது சிரிப்பு. தொண்டையிலிருந்து, மனசு நிறைந்து, மேடம் சிரித்தார். "அப்பாடா, உன் வாயாலயே வந்துடுத்தே. தாமோதர், கேட்டியா, பேச்சி சொல்றா, ஆட்டுக்கறியாம்." பேச்சிக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். "இல்ல மேடம், நான் மார்க்கைச் சொல்லல. நிஜமாவே கறி. கடையில வாங்கினது. துப்பிருங்க மேடம்." "துப்பறதாவது. ரெண்டு துண்டு முழுங்கியே ஆச்சு, துப்பவே தோணலை," என்றார் மேடம். "இத்தனை மாசமா அஞ்சைத் தாண்ட மாட்டேன்னு அடம் பிடிச்சவ நீ. உன்னை ஏமாத்திட்டா உலகத்தையே ஏமாத்தினாப்பல. கடையில வாங்கினதுன்னே நினைச்சுட்டா பாரு, தாமோதர், பயந்துபோயிட்டா பாவம்." தாமோதரன் கண்ணைத் திறந்தான். சொல்லுடா, பேச்சி அவனையே பார்த்தாள், நீதானே வாங்கினாய், நீ சொன்னால் நம்புவார்கள். அவன் உதட்டை நக்கிக்கொண்டான். "தேங்க்ஸ் மேடம்," என்றான்.

"நாளைக்கு அவா வரும்போது நீயும் இருக்கணும் பேச்சி. இப்ப சொன்னியே, இதே பயத்தோட, இதே வார்த்தையில சொல்லணும். வேற ரிப்போர்ட்டே வேண்டாம்," என்றார் மேடம். "உன்னோட எக்ஸ்டென்ஷன் ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. போனதும் கையெழுத்துப் போட்டுடறேன். இந்த வருஷத்துக்கு மட்டும் இல்ல, புராஜெக்ட் முடியற வரைக்கும்." எழுந்து பலகையைச் சுற்றிப் போனால் போதும். தட்டைப் பிடுங்கி, திறக்காத டப்பாவையும் பக்கத்தில் வைத்து, மோந்து பாருங்கள் என்று காட்டினால் போதும். கால் பாதி எழுந்த நிலையிலேயே நின்றது. சொல்லியாயிற்று, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை, தமிழில், கறி என்று, துப்பு என்று சொல்லியாயிற்று. நம்பாதது யார் குற்றம். ரெண்டு துண்டு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, இனிமேல் சொல்லி எதை வெளியே எடுக்கப்போகிறோம், பாவம், வயசான காலத்தில் அவருக்கு எதற்கு அந்தக் குழாயடி. எவ்வளவு நல்லவள் மாதிரி யோசிக்கிறது இந்த மனசு. "என்ன பேச்சி, சத்தத்தையே காணோம், வருவேதானே?" "வரேன் மேடம்," என்றாள் பேச்சி. கால் தானாக மடங்கி உட்கார்ந்துவிட்டது. அவள் விரல் டேப்லெட்டில் கறித்தன்மைக்கு நேராகப் போய் ஒன்பதை அழுத்தியது. பொய் இல்லை, நூற்றுக்கு நூறு உண்மையான ஒன்பது. அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

"இன்னும் ரெண்டு துண்டு வைப்பா, தாமோதர்," என்றது பக்கத்துக் கூண்டு. தள்ளு ஜன்னல் நகர்ந்தது, தட்டு நகர்ந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும். நிதானமாக, அனுபவித்து, பல்லில் மாட்டிக்கொண்ட எதையோ நாக்கால் நெம்பி எடுத்து மறுபடி மெல்லுகிற சத்தம். பேச்சி காதைப் பொத்திக்கொள்ளப் பார்த்தாள், கை வரவில்லை. சத்தம் நின்றது. மேடம் பலகையோடு தலையைச் சாய்த்திருக்க வேண்டும், குரல் மிகக் கிட்டத்தில், ரகசியம் மாதிரி, கொஞ்சம் வெட்கத்தோடு கூடக் கேட்டது. "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. அசல் இதைவிட நல்லாவா இருக்கும்?" பேச்சி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதட்டில் ஆறிப் படிந்திருந்த கொழுப்பு நாக்கில் பட்டது. அடிவயிற்றிலிருந்து எல்லாம் புரண்டுகொண்டு மேலே வந்தது. கறி அவளுக்குக் குமட்டியது அதுதான் முதல் தடவை.